பேர் சொல்லாத கட்டடம்

1

சனிக்கிழமை எங்கள் ஊரில் ஒரு கட்டடத்தைத் திறந்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், முன்பு சர்க்கரைக் கிழங்கு விளைந்த வயலில், ஜன்னலே இல்லாத நீளமான சாம்பல் நிறக் கட்டடம். ஊரார் எல்லோரும் வந்து உள்ளே சுற்றிப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வீடு அழைப்பு வந்தது. பிள்ளைகளுக்குப் பலூன், பெரியவர்களுக்குச் சுட்ட சாசேஜும் பியரும். என் மகள் யாழினி பள்ளித் தோழிகளோடு போய்வந்தாள். நான் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, கோபம் அடங்கட்டும் என்று வீட்டிலிருந்த வெங்காயத்தை எல்லாம் உரித்தேன். அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் கணவர் சேகர் வியாசர்பாடிக்காரர், எம்.கே.பி. நகர். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்த நாடு கதவைத் திறந்தபோது வேலை கிடைத்து வந்தார். ஐந்து வயது யாழினியைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே நான் வந்தேன். நான் வடசென்னை டோல்கேட்காரி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே போனால், பழைய கயிற்றுக் கம்பெனியின் மதிலை ஒட்டி எங்கள் தெரு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எனக்குக் கௌதமி என்றும் அண்ணனுக்குப் புத்ததாசன் என்றும் ஆசையாகப் பேர் வைத்தார். தெருவில் அண்ணன் பேர் தாஸ் என்று சுருங்கிவிட்டது. தாஸ் அண்ணன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அண்ணி செல்வி வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுகிறேன்.

2

இங்கே ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு இலவச வாரத்தாள் உண்டு. எந்தத் தெருவில் எந்தக் கிழமை குப்பை எடுப்பார்கள், யார் வீட்டுப் பூனை காணவில்லை என்பதெல்லாம் அதில் வரும். நான் ஜெர்மன் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அந்தத் தாளில்தான். இரண்டு வருடம் முன்பு அதில் கட்டம் கட்டி ஒரு அறிவிப்பு வந்தது. ரயில் பாதைக்கு அப்பால் உள்ள வயலில் ஒரு 'ரெஹென்சென்ட்ரும்' கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. அதன் பேர் இன்னது, முகவரி இன்னது. வரைபடம், கணக்கு, ஆய்வறிக்கை எல்லாம் ஒரு மாத காலம் நகர மன்றத்தில் மேசைமேல் இருக்கும். யாரும் வந்து புரட்டலாம், ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். அதன் பிறகு ஊர்ப் பொது மண்டபத்தில் கூட்டம்.

'ரெஹென்' என்றால் என்னவென்று அகராதியில் பார்த்தேன். தோட்டத்தில் சருகு வாருகிற பல் வைத்த கோல் என்று போட்டிருந்தது. சரி, மண்வெட்டி, கத்தரி, பூந்தொட்டி எல்லாம் விற்கிற பெரிய கடை வரப்போகிறது என்று எனக்குச் சந்தோஷம். கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல தொட்டி கிடைக்கும். சேகரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"இன்னா கௌதமி, அந்த ரெஹென் வேற, இந்த ரெஹென் வேற. இது கணக்குப் போடுறது. கம்ப்யூட்டருங்கள அடுக்கி வெக்கிற எடம். டேட்டா சென்டர்."

யாழினியும் சேர்ந்து சிரித்தாள். என் தப்பு ஜெர்மன் அவளுக்கு எப்போதும் ஒரு விளையாட்டு. நானும் சிரிக்க ஆரம்பித்தேன். சேகர் வாயிலிருந்து கடைசியாக வந்த அந்த இரண்டு வார்த்தை காதில் இறங்கியதும் என் சிரிப்பு நின்றுபோனது.

3

டோல்கேட்டில் அந்த வார்த்தையை முதலில் கேட்டவர்கள் அதை 'கம்ப்யூட்டர் சென்டர்' என்றுதான் புரிந்துகொண்டார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு சென்டர் இருந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மாடிப்படி ஏறி டைப்படிக்கவும், ப்ரோக்ராம் எழுதவும் கற்றுக்கொள்கிற இடத்துக்குப் பேர் சென்டர்.

கயிற்றுக் கம்பெனி மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. கப்பலுக்கு வடம் திரித்த இடம். வாசலில் நங்கூரம் செதுக்கிய ஒரு கல் வளைவு மட்டும் கம்பீரமாக நிற்கும். ஒருநாள் அந்த வளைவைச் சுற்றித் தகர வேலி அடித்தார்கள். பூமி பூஜை நடந்தது. ஏரியாவில் வெள்ளை வேட்டி கட்டி நாலு பேருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் வந்து, பெரிய கம்ப்யூட்டர் சென்டர் வருது, நம்ம பசங்களுக்குத்தான் முதல் வேலை என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார். தெருவே கற்பூரம் ஏற்றியது. அண்ணி கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு இட்லி அவித்துப் போட்டார். அண்ணன் மகள் மாலா அப்போது கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருடம். அண்ணி போனில் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மாலாவுக்கு வேலை கிடைத்தால் நடந்தே போய் வரலாம், பஸ்ஸே வேண்டாம், மதியம் வீட்டுக்கு வந்து சூடாகத் துண்ணுட்டுப் போகும் என்றார்.

கட்டடம் எழும்பியது. நீலக் கண்ணாடி ஒட்டிய முகப்பு. பின்னால், எங்கள் தெருவைப் பார்த்த பக்கத்தில், வரிசையாக ராட்சத மின்விசிறிகள், லாரி அளவில் டீசல் ஜெனரேட்டர்கள். பெயர்ப் பலகை மட்டும் வைக்கவே இல்லை. காவலுக்கு நின்றவர்களின் சட்டையில் காவல் கம்பெனியின் பேர் இருந்தது, அவ்வளவுதான். மாலா பரீட்சை முடித்துச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். உள்ளே இருப்பது மெஷின்கள்தான், ஆள் எடுப்பதில்லை என்று காவலாளி சொன்னார். யார் கம்பெனி இது என்று கேட்டிருக்கிறாள். அது தனக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது என்றாராம். அவள் திரும்பி வந்து சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பாரிமுனையில் ஒரு துணிக்கடையில் பில் போடப் போனாள்.

அதோடு போயிருந்தால் வயிற்றெரிச்சலோடு விட்டிருப்போம். எங்கள் தெருவில் ஒரு கைப்பம்பு இருந்தது. கடலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் அதில் வந்தது இளநீர் மாதிரித் தண்ணீர். ஊரே வறண்டு, குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக்கிடந்த வருடத்தில்கூட அது எங்களைக் கைவிடவில்லை. மூன்று நான்கு தெருவுக்கு அப்பாலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வருவார்கள். அண்ணியின் இட்லியும் டீயும் பேர் வாங்கியது அந்தத் தண்ணீரால்தான் என்று அவரே சொல்வார்.

மெஷின்களைக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டுமாம். மதிலுக்கு உள்ளே எத்தனை போர் போட்டார்கள், எத்தனை ஆழம் போட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது, ஒருநாள் அண்ணியின் டீயில் பால் திரிந்துபோனது. பால்காரரிடம் சண்டை போட்டார். மறுநாளும் திரிந்தது. சோப்பு நுரைக்கவில்லை. சோறு வெந்தும் வேகாத மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் பம்பில் வாய் வைத்துக் குடித்தவர்கள் துப்பினார்கள். கடல் உள்ளே வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் இன்றுவரை திரும்பவில்லை.

அண்ணி கேன் தண்ணீர் வாங்கிக் கொஞ்ச நாள் இட்லி அவித்துப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, துணி மடிக்கிற வேலைக்கு ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்த காலம் அது. எங்கள் வீடுகளில் மின்விசிறி நின்றதும் மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர்கள் உறுமும். எண்ணூர் பக்கத்து நிலக்கரிச் சாம்பலைச் சுவாசித்து வளர்ந்த ஜனங்களுக்கு அதற்கு மேல் டீசல் புகையும். மெஷின்கள் குளுகுளுவென்று இருந்தன. மதிலுக்கு இந்தப் பக்கம் கைக்குழந்தைகளுக்கு வேர்க்குரு.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. லாரியை நிறுத்திவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். ஓரிடத்தில், இது தொழிற்சாலை இல்லையே, கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீஸ்தானே, ஆபீஸ் கட்ட உங்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். இன்னோரிடத்தில் தண்ணீர் எங்கள் துறை இல்லை என்றார்கள். தண்ணீர்த் துறையில், யார்மேல் புகார், கம்பெனி பேரைச் சொல்லுங்கள் என்றார்கள். பேர் தெரியாது என்று அண்ணன் சொன்னதும் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று அண்ணன் எனக்குப் போன் போட்டார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"திருடன்னா கூட மூஞ்சி தெரியும் கௌதமி. இவனுங்களுக்கு பேரே இல்ல."

4

அந்த வருடப் பொங்கலுக்குப் பக்கத்து நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடினோம். வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட அரங்கம், மின் அடுப்பில் பொங்கல், பட்டுப்புடவைக்கு மேல் குளிர் கோட்டு. நான் அண்ணனிடம் பேசிவிட்டு வந்த சூட்டில் இருந்தேன். பந்தியில் உட்கார்ந்த பெண்களிடம் எங்கள் தெருக் கதையைச் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு எங்கள் பேச்சுதான் வரும். கீது, பூட்சி, வந்துகினு எல்லாம் வந்து விழுந்தது. ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, சினிமாவில் கேட்கிற மாதிரியே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்றார். அவர் நல்லவர்தான். யாழினிக்குப் பரதம் சொல்லிக் கொடுத்தவர். பிறகு அனுதாபமாக, "அந்த ஏரியா ஏற்கெனவே அப்படித்தானேங்க இருக்கும், தண்ணி எப்போ நல்லா இருந்தது அங்கே" என்றார்.

நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். யாழினிக்கு என்மேல் வருத்தம். இப்படிச் சத்தமாகப் பேசாதே என்று காரில் ஜெர்மனில் சொன்னாள். அவளுக்கு என் தமிழும் கூச்சம், என் ஜெர்மனும் கூச்சம். நான் எதில் பேசட்டும்?

ஏற்கெனவே அப்படித்தானே. அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டுதான் எங்கள் தலையில் எதை வேண்டுமானாலும் கொட்டுகிறார்கள். குப்பை என்றாலும், சாம்பல் என்றாலும், எண்ணெய் என்றாலும் வடக்கே தள்ளு. அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கொட்டு என்றுகூட ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. ஏற்கெனவே அப்படி ஆக்கியது யார் என்று கேட்டால் இலையை மூட வேண்டியிருக்கிறது.

5

ஆக, 'ரெஹென்சென்ட்ரும்' என்றால் என்னவென்று தெரிந்த மறுநாள் வேலை முடிந்ததும் நான் நகர மன்றத்துக்குப் போனேன். என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டடம் என்றால் விசா நீட்டிப்பு, வரிசை எண், இன்னொரு காகிதம் கொண்டுவா என்கிற முகம். அன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேசைமேல் கோப்புகள். நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் என் எதிர்வீட்டு ஹெர் வோல்ஃப் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். அவர் ரயில் ஓட்டுநர், பகலில் தூங்குகிறவர். மின்விசிறிச் சத்தம் தன் படுக்கையறைக்கு எத்தனை வரும் என்று அதில் தேடினார். அது அதில் இருந்தது. எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து, எவ்வளவு டீசல், எங்கே சேமிப்பார்கள், எல்லாம் இருந்தது. வயல் வரப்பில் வாழ்கிற ஒருவகைப் பச்சை ஓணான்களைப் பற்றித் தனியாக ஒரு அத்தியாயமே இருந்தது. கட்டுமானம் தொடங்கும் முன் அவற்றைப் பிடித்து, அவற்றுக்கு ஒத்துக்கொள்கிற கற்குவியல் அமைத்து அங்கே கொண்டுபோய் விட வேண்டுமாம்.

எனக்கு ஓணான்கள்மேல் பகை இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். மதில் ஓரத்தில் இத்தனை குடும்பம் குடியிருக்கிறது என்று எங்கள் தெருவைப் பற்றி யாராவது எங்காவது ஒரு வரி எழுதியிருப்பார்களா?

கூட்டத்துக்குச் சேகரையும் வரச் சொன்னேன். அவர் தயங்கினார். கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் கட்டடத்துக்கு எதிராக எப்படிப் போய் உட்காருவது என்றார். கடைசியில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. நகரத் தலைவர், நிறுவனத்தின் சார்பில் நல்ல கோட்டுப் போட்ட ஒரு ஆள், அவருக்குப் பின்னால் திரை. கேள்வி நேரத்தில் நான் கை தூக்கினேன். இரவில் எவ்வளவு சத்தம் வரும் என்று கேட்க நினைத்தேன். சத்தத்துக்கும் ஆட்டுக்குட்டிக்கும் இந்த மொழியில் ஒரு எழுத்து அசைவுதான் வித்தியாசம். இரவில் எத்தனை ஆட்டுக்குட்டி வரும் என்று கேட்டுவிட்டேன். மண்டபமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன்.

நிறுவனத்து ஆள் என் கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொன்னார். விசிறிகளைக் குடியிருப்புக்கு எதிர்ப்பக்கம் மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். பிறகு, எங்களுக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு என்று சொல்லித் தங்கள் மற்றக் கட்டடங்களைத் திரையில் காட்டினார். ஒரு படத்தில் நீலக் கண்ணாடி முகப்பு. அதற்கு முன்னால் ஒரு கல் வளைவு. அதில் நங்கூரம்.

சென்னை, இந்தியா என்றார் அவர். எங்கள் இந்தியக் கூட்டாளி மிகக் குறைந்த காலத்தில் கட்டி முடித்தார், அங்கே எந்த எதிர்ப்பும் இருக்கவில்லை என்றார். குரலில் பெருமை.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. இந்த முறை ஒரு சொல்லும் தவறவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் என் அண்ணன் குடியிருக்கிறார் என்று சொன்னேன். நீங்கள் யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது என்றேன். எங்கள் பம்பில் உப்புத் தண்ணீர் வருகிறது என்றேன்.

"அங்கே யாரையாவது கேட்டீர்களா?"

அவர் தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, உள்ளூர்ச் சட்டம் கேட்டது அனைத்தையும் எங்கள் கூட்டாளி செய்திருக்கிறார் என்றார். ஹெர் வோல்ஃப் உட்கார்ந்த இடத்திலிருந்தே, சட்டம் சொல்லாவிட்டால் கேட்க உங்களுக்கு வாய் வராதா என்று கேட்டார். நகரத் தலைவர் மணியைத் தட்டினார். இன்றைய பொருள் நம் ஊர் வயல் மட்டும்தான், இந்தியா பற்றிய கேள்வி குறிப்பில் ஏறாது என்றார்.

ஏறவில்லை. என் ஆட்டுக்குட்டிக் கேள்வி திருத்தப்பட்டு அழகாகக் குறிப்பில் இருக்கிறது. அடுத்துக் கேட்டது அதில் இல்லை. ஓணானுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கிய நேர்மை, ஊர் எல்லையோடு நின்றுபோனது. அங்கே கூட்டாளி செய்தார், இங்கே பொருள் இல்லை. இரண்டு நாட்டிலும் சட்டப்படி எல்லாம் சரி.

திரும்பி நடக்கும்போது சேகர் ஒன்று சொன்னார். டோல்கேட் கட்டடத்தில் இருக்கிற மெஷின்களைத் தன் ஆபீசும் பயன்படுத்தக்கூடும், தெரியவில்லை என்றார். அப்புறம் அண்ணனுக்கு நீ போன் பண்ணு, நான் போய் அந்தக் கோப்பை நகல் எடுத்து வருகிறேன் என்றார்.

6

அண்ணனிடம் கம்பெனியின் பேரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இதைப் படிக்கிற உங்களுக்கு அந்தப் பேரை நான் சொல்ல முடியவில்லை. பேர் போட்டால் அச்சிட மாட்டோம் என்று இதை வெளியிடுகிற பத்திரிகையில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு வக்கீல் பயம். எனக்கு அதுவும் சேர்த்துக் கோபம்.

கோப்பை மொழிபெயர்க்க யாழினியைப் பிடித்தேன். எனக்கு அந்தக் காகித ஜெர்மன் புரியாது. அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவள் வாசித்து எளிய ஜெர்மனில் சொல்வாள், நான் தமிழில் எழுதுவேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தண்ணீர் பற்றிய பக்கம் வந்ததும் நிமிர்ந்து, "செல்வி அத்தை கடை இதனாலதான் போச்சா?" என்று தமிழில் கேட்டாள். ஆமாம் என்றேன். அதன்பின் அவளே அகராதி எடுத்து வந்து உட்கார்ந்தாள். அவள் தமிழுக்குத் திரும்பிவிட்டாள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. வேலை முடிந்ததும் அவள் அறைக்கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை அண்ணன் அந்தக் காகிதங்களோடு கலெக்டர் அலுவலகத்து மனு நாளுக்குப் போனார். இந்த முறை பேர் இருந்ததால் மனுவை வாங்கினார்கள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று அங்கிருந்தவர் கேட்டாராம். என் தங்கச்சி ஜெர்மனியிலிருந்து எழுதியது என்று அண்ணன் சொல்ல, அது அந்த நாட்டுக் கட்டடத்தின் கணக்கு, இந்த நாட்டுக்குப் பொருந்தாது என்று சிரித்தாராம். அங்கே மெஷின் தண்ணி குடிக்கும், இங்க விரதம் இருக்குமா சார் என்று அண்ணன் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மனு அசைந்தது, கொஞ்சம். புகைக்குழாயை உயர்த்தினார்கள். தெருமுனையில் தண்ணீர் சுத்திகரிக்கிற பெட்டி ஒன்று வைத்து, ரிப்பன் வெட்டி, அதே வெள்ளை வேட்டி ஆளுக்கு மாலை போட்டார்கள். கரண்ட் இருக்கும்போது அது ஓடுகிறது. பம்பு உப்பாகவே இருக்கிறது. அண்ணி இட்லிக் கடையைத் திரும்பத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி நான் வற்புறுத்தியபோது, "வுடு கௌதமி, கை மறந்து பூட்சி" என்றார். கை மறக்கிற வேலையா அது.

7

போன மாதம் ஒரு காலை. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருந்தேன். சென்னையில் மதியம் நெருங்குகிற நேரம். செல்போன் அடித்தது, மாலாவின் எண். வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

கயிற்றுக் கம்பெனிக்கு அடுத்த மனையிலும் தகர வேலி போட்டுவிட்டார்களாம். விடிந்ததும் போர் போடுகிற லாரி வந்து நின்றிருக்கிறது. அண்ணி வேலைக்குப் போகவில்லை. தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இன்னா கட்டுறீங்க, யார் கட்டுறது, எவ்ளோ தண்ணி எடுப்பீங்க, அத்த மொதல்ல தெருவுல நின்னு சொல்லுங்க, அப்பால போர் போடுங்க என்பது அவர்கள் பேச்சு. போலீஸ் வந்து பார்த்துவிட்டு, வயதான பெண்களும் கைக்குழந்தைகளும் வெயிலில் இருப்பதால் தொடாமல் நின்றது. கம்பெனி ஆள் ஒருவர் காரில் வந்து, ஐந்து பேர் மட்டும் உள்ளே வாருங்கள், ஏசி ரூமில் உட்கார்ந்து பேசலாம் என்றாராம். ஒருத்தரும் எழவில்லை. போன தடவை மனுவுக்கும் ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பேசித்தான் அந்தத் தண்ணீர்ப் பெட்டியோடு முடித்தார்கள்.

கடைசியில் ஒரு அதிகாரி வந்திருக்கிறார். தொண்டை கட்டிய ஆள், பேசினால் முன்வரிசைக்கே கேட்கவில்லை. தெருவில் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுகிற பையன்களிடம் சொல்லி அண்ணன் ஒலிபெருக்கி கொண்டுவந்து வைத்தார். மாலா அதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அத்தை, படிக்கப் போறாங்க, வெச்சிடாத" என்றாள். போனை உயர்த்திப் பிடித்தாள்.

நான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டேன். முதலில் கரகரப்பு. லாரி ஹாரன்கள். பிறகு ஒரு ஆணின் குரல், தமிழில், தட்டுத் தடுமாறி வாசித்தது. கம்பெனியின் பேர். மனையின் அளவு. எத்தனை போர், எத்தனை ஆழம். எத்தனை ஜெனரேட்டர். வெளியில் சமையலறைத் தலைவி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எங்கள் தெருவில் என்ன வரப்போகிறது என்று, வருவதற்கு முன்னால், எங்களைப் பார்த்து ஒருவர் சொன்னதை நான் பிறந்ததிலிருந்து அன்றுதான் கேட்டேன். அதற்கே எனக்கு அழுகை வந்தது. அழுததற்காக எனக்கு என்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை வருடம், ஒரு பம்பு, ஒரு கடை?

அந்தக் குரல் வேகமாகிக்கொண்டே போனது. தண்ணீர் பற்றிய இடத்தில் எண்களை விழுங்கிக்கொண்டு ஓடியது. படித்து முடித்துவிட்டதாக அவர் சொன்னார். லாரிக்கு வழி விடுங்கள் என்றார்.

அப்போது அண்ணியின் குரல் கேட்டது. மைக் இல்லாமலே கேட்டது.

"காதுல கரீட்டா வுய்ல சார். தண்ணியண்ட வந்து முழுங்கிட்டீங்க. மொதல்லேர்ந்து படிங்க."